அணுமின் நிலையக் குழாய்களில் உலோகச் சோர்வு: எந்த அறிகுறிக்கு எங்கே தேடுவது

குழாயில் விரிசல் என்று தெரிந்ததும் எல்லோர் கையும் வெட்டும் மிஷினைத் தேடும். துண்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்ட் செய்வது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் உலோகச் சோர்வு என்பதே சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் விழும் விரிசல். எந்தச் சுமை அதை உண்டாக்கியது என்று தெரியாமல் செய்தால், புது வெல்டும் அதே வழியில்தான் போகும்.

வடிவமைப்பின்போது ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிநூலின் மூன்றாம் பிரிவுப்படி ஒரு பட்டியல் போடுகிறோம்: எத்தனை முறை உலை தொடங்கும், எத்தனை முறை நிற்கும், எத்தனை முறை திடீரென்று டிரிப் ஆகும். ஒவ்வொன்றும் தரும் சேதத்தைக் கூட்டினால் வருவது யூசேஜ் ஃபேக்டர். அது 1-ஐத் தாண்டக் கூடாது. கணக்கு சரிதான். ஆனால் இயங்கும் நிலையங்களில் பேர் சொல்லும்படி கசிந்த குழாய்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் பட்டியலில் இருந்த சுமையால் அவை கசியவில்லை. மூடியிருந்தும் உள்ளே கசிந்த வால்வு, மேலே வெந்நீரும் கீழே குளிர்நீருமாக அடுக்காக நின்ற தண்ணீர், இரண்டு நீரோட்டங்கள் கலக்கும் இடத்துக் கொந்தளிப்பு, பம்பின் அதிர்வு. இவை யாரும் எழுதாமல் விட்ட சுமைகள். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் கேள்வி ஒன்றே: பட்டியலில் இல்லாத எந்தச் சுமை இங்கே வேலை செய்கிறது?

தேடத் தொடங்கும் முன் ஒரு விஷயம். கசிவு உலைக் குளிர்விப்புச் சுற்றின் அழுத்த எல்லையில், எந்த வால்வை மூடியும் பிரிக்க முடியாத இடத்தில் இருந்தால், ஆராய்ச்சிக்கு முன்னால் உலையை நிறுத்த வேண்டும். அமெரிக்க அழுத்த நீர் உலைகளின் (உயர் அழுத்தத்தால் நீரைக் கொதிக்கவிடாமல் வைக்கும் உலைகள்) இயக்க விதிகளில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத கசிவுக்கு நிமிடத்துக்கு 1 கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் வரை இடம் உண்டு. அழுத்த எல்லைக் கசிவுக்கு அனுமதி பூஜ்யம்.

அறிகுறி 1: சிறு கிளைக் குழாயின் சாக்கெட் வெல்டில் ஈரம், அல்லது வெள்ளைப் படிவு

வென்ட், டிரெயின், கருவிக் குழாய் போன்ற 2 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள குழாய்களில் அதிகம் பார்ப்பது இதுதான். குழாயைக் கிண்ணம் போன்ற துளைக்குள் செருகி, வெளி விளிம்பைச் சுற்றி இணைப்பது சாக்கெட் வெல்ட். அழுத்த நீர் உலைகளில் கசிந்த நீர் ஆவியாகி, அதில் கரைந்திருந்த போரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருக்கும். குழாய் குட்டை, அதன் முனையில் கனமான வால்வு, எதிரே எந்தத் தாங்கலும் இல்லை என்றால் அதிர்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். விநாடிக்கு 50 முறை அதிரும் குழாய் ஒரு நாளில் 43 லட்சம் சுற்றுகளைக் கடக்கிறது. ஒரு கோடிச் சுற்று இரண்டரை நாளுக்குள் முடிந்துவிடும். அதிர்வு போதிய அளவுக்குப் பெரிதாக இருந்தால் வெல்ட் சில நாட்களில், சில வாரங்களில் போய்விட வேண்டும். பத்து வருடம் நன்றாக இருந்து இப்போது விரிசல் விட்டிருக்கிறது என்றால் "பழசாகிவிட்டது" என்பது பதிலாகாது. சமீபத்தில் ஏதோ மாறியிருக்கிறது. இம்பெல்லர் மாற்றினார்களா? போன ஷட்டவுனில் ஒரு சப்போர்ட்டைக் கழற்றித் திரும்பப் போடாமல் விட்டார்களா? எப்போதாவது மட்டும் சேர்ந்து ஓடும் பம்புகள், குறைந்த ஓட்டத்தில், அதிக நேரம் ஓடினவா? இயக்கப் பதிவேட்டைப் பார்த்தால் விடை பாதிக்கு மேல் கிடைத்துவிடும்.

மாற்றம் குழாய்க்குப் பக்கத்தில்தான் நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் குவாட் சிட்டீஸ் 2-ஆம் அலகில் உலையின் திறனை உயர்த்திய பிறகு, 2002-இல் நீராவி உலர்த்தி (நீராவியிலிருந்து நீர்த்துளிகளைப் பிரிக்கும் பாகம்) விரிசல் விட்டு உடைந்தது. முக்கிய நீராவிக் குழாயில் ஓட்டம் கூடியதும், நிவாரண வால்வுகள் நிற்கும் கிளைக் குழாய்களின் வாயைக் கடக்கும் நீராவி, காலி பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஓசையைப் போல ஒத்ததிர்வை எழுப்பியிருந்தது. அந்த அழுத்த அலை குழாய் வழியே போய் உலர்த்தியை அடித்தது.

அளக்கும்போது வால்வு முனையில் மூன்று திசைகளிலும் அளந்து பாருங்கள். ஏஎஸ்எம்இ-யின் அதிர்வுச் சோதனை விதியில் முதல் வடிகட்டலுக்கான எல்லை விநாடிக்கு 12.7 மி.மீ. உச்ச வேகம். அதற்குக் கீழே என்றால் பொதுவாக விட்டுவிடலாம். மேலே என்றால் தகைவை (சுமையால் உலோகத்துக்குள் எழும் இறுக்கத்தை) கணக்கிட வேண்டும். பிறகு பம்பை நிறுத்திவிட்டுக் குழாயை ரப்பர் சுத்தியலால் தட்டி இயல்பு அதிர்வெண்ணைப் பாருங்கள். நிமிடத்துக்கு 1490 சுழற்சியில் ஓடும், ஐந்து இறக்கை கொண்ட பம்ப் விநாடிக்கு ஏறத்தாழ 124 துடிப்பு தரும். குழாயின் இயல்பு அதிர்வெண் அதற்குப் பக்கத்தில் இருந்தால் குற்றவாளி கிடைத்த மாதிரிதான். எந்தெந்தப் பம்புகள் சேர்ந்து ஓடுமோ அந்த எல்லாச் சேர்க்கைகளிலும் அளக்காமல் அறிக்கை எழுதாதீர்கள். சாதாரண ஓட்டத்தில் அமைதியாக இருந்து, குறைந்த ஓட்டத்தில் ஆடும் குழாய்கள் ஏராளம்.

சாயம் தடவிச் சோதித்தோம், ஒன்றும் தெரியவில்லை என்பதை நம்பி உட்கார வேண்டாம். சாக்கெட் வெல்டில் விரிசல் அடிக்கடி உள்ளே, வேரில்தான் தொடங்கும். வெளியே தெரியும்போது ஏற்கெனவே துளைத்துவிட்டது என்று பொருள்.

சரிசெய்யும் வழிகளில் நல்லது, கிளையின் வால்வைத் தாய்க் குழாயோடு சேர்த்துக் கட்டுவது. இரண்டும் ஒன்றாக ஆடினால் வெல்டில் வளைவு வராது. பக்கத்துச் சுவரிலோ இரும்புச் சட்டத்திலோ கட்டினால், தாய்க் குழாய் சூடேறி நகரும்போது அதே வெல்ட் வேறு காரணத்துக்காக இழுபடும். பட் வெல்டுக்கு (முனையோடு முனை வைத்து இணைப்பது) மாற முடிந்தால் இன்னும் நல்லது. முடியாதபோது சாக்கெட் வெல்டின் குழாய்ப் பக்கக் காலை இரட்டிப்பு நீளமாக, 2-க்கு 1 என்ற விகிதத்தில் வைப்பது அமெரிக்க மின்சக்தி ஆய்வு நிறுவனமான ஈபிஆர்ஐ பரிந்துரைக்கும் வழி. செலவு குறைவு, பலன் நிஜம்.

ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோவெல்லும் (வெப்பமானியைப் பாதுகாக்கும் உறை) இதே குடும்பம்தான். ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று ஒரு தெர்மோவெல் முறிந்து சுமார் 640 கிலோ சோடியம் கொட்டியது. சுழல்கள் அதை ஓட்டத்துக்குக் குறுக்கே ஆட்டும் என்பதைத்தான் வழக்கமாகச் சரிபார்ப்பார்கள். மோன்ஜுவில் அது ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னுமாக ஆடி முறிந்தது.

அறிகுறி 2: ஓட்டமே இல்லாத குழாய் இருக்க வேண்டிய சூட்டில் இல்லை

அவசரக் குளிர்விப்பு நீர் செலுத்தும் குழாய் சாதாரண நாட்களில் மூடிய வால்வுக்குப் பின்னால் சும்மா நிற்கும். அதில் மேற்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் வெப்பநிலை வேறுபட்டால், அல்லது அளவு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் வால்வைச் சந்தேகியுங்கள்.

1987 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபார்லி 2-ஆம் அலகில் நடந்தது இதுதான். உலையின் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்தில் இருந்த குளிர்நீர், மூடிய வால்வைத் தாண்டிச் சொட்டு சொட்டாக உள்ளே போனது. அந்தப் பக்கம் உலையின் வெந்நீர். குளிர்நீர் குழாயின் அடியில் ஊர்ந்து போய் வெந்நீரோடு மோதும் எல்லை நிலையாக நிற்காமல் ஆடியது. குழாயும் சேர்ந்து சூடாகிக் குளிர்ந்து விரிசல் விட்டது. ஆறே மாதத்தில், 1988 ஜூனில், பெல்ஜியத்தின் தியான்ஜ் 1-இலும் இதே கதை. அதே மாதம் ஜப்பானின் கென்காய் 1-இல் கொஞ்சம் வேறு மாதிரி: அங்கே வால்வின் கிளாண்ட் (தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு) வழியாக நீர் வெளியே கசிந்தது, அதனால் உலையின் வெந்நீர் தேங்கிய குழாய்க்குள் இழுக்கப்பட்டது. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையமான என்ஆர்சி 1988-இல் 88-08 என்ற அறிவிப்பை வெளியிட்டு எல்லா நிலையங்களையும் தேடச் சொன்னது.

ஆகவே இரண்டு திசைக் கசிவையும் பார்க்க வேண்டும். வால்வின் இரு பக்க அழுத்தத்தையும் எழுதுங்கள். எது அதிகம்? வெளிப்பக்கம் அதிகமென்றால் ஃபார்லி வகை. உலைப் பக்கம் அதிகமாகி, கிளாண்டிலோ டிரெயினிலோ கசிவும் இருந்தால் கென்காய் வகை. தெர்மோகப்பிளை (வெப்பநிலை உணரியை) இன்சுலேஷனுக்கு அடியில், குழாயின் மேலே, கீழே, பக்கவாட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட குறுக்குவெட்டுகளில் கட்டுங்கள். மேலே ஒன்று மட்டும் கட்டிவிட்டு "எல்லாம் சூடாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது வீண் வேலை.

வால்வு கசியவே இல்லை, ஆனாலும் ஏற்ற இறக்கம் இருக்கிறதா? தாய்க் குழாயின் வேகமான ஓட்டம் கிளையின் வாயில் சுழலை உண்டாக்கி வெந்நீரைக் கிளைக்குள் திருகிக்கொண்டு போகும். அந்தச் சுழலின் நுனி எந்த இடத்தில் முடிகிறதோ அங்கே வெந்நீர்–குளிர்நீர் எல்லை ஆடும். கீழ்நோக்கி இறங்கிப் பிறகு படுக்கையாகத் திரும்பும் டிரெயின் குழாயில், அந்த நுனி எல்போவுக்கு (குழாய் திரும்பும் வளைவுத் துண்டுக்கு) அருகே வந்தால் ஆபத்து.

அறிகுறி 3: குழாய் வைத்த இடத்தில் இல்லை

ஸ்பிரிங் ஹேங்கர் அடிவரை அமுங்கியிருக்கிறது, ஸ்னப்பர் (திடீர் அசைவைத் தடுக்கும் தாங்கல்) எல்லையில் முட்டுகிறது, குழாய்க்கும் தடுப்புக்கும் நடுவே விட்ட இடைவெளி மூடிவிட்டது, பெயின்டில் உராய்ந்த கோடு. அளந்து பார்க்காமலே கண்ணில் படும் அறிகுறி இது. ஆனால் ஷட்டவுனில் "ஹேங்கரைச் சரிசெய்தோம்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள்.

படுக்கைக் குழாயில் மேலே வெந்நீரும் கீழே குளிர்நீரும் நின்றால் மேற்பக்கம் அதிகம் நீளும். குழாய் வில்லாக வளையும். அழுத்த நீர் உலைகளில் பிரஷரைசரை (அழுத்தத்தைச் சீராக வைக்கும் கலத்தை) வெந்நீர்க் குழாயோடு இணைக்கும் சர்ஜ் லைனில் இது பெரிய விஷயம். அமெரிக்காவின் டிரோஜன் நிலையத்தில் அந்தக் குழாய் எதிர்பாராத விதமாக நகர்ந்திருந்ததுதான் 1988 டிசம்பரில் 88-11 அறிவிப்புக்கு வழிவகுத்தது. முழுத் திறனில் ஓடும்போது இரு முனைகளின் வேறுபாடு குறைவு. உலையைச் சூடேற்றும்போதும் குளிர்விக்கும்போதும்தான் பிரஷரைசர் கொதிநிலையிலும் மறுபக்கம் வெகு கீழேயும் இருக்கும். எனவே ஏற்ற இறக்கக் காலப் பதிவுகளைத்தான் தோண்ட வேண்டும். தீர்வும் பெரும்பாலும் அங்கேதான்: சூடேற்றும் நடைமுறையை மாற்றி வேறுபாட்டைக் குறைப்பது, தடுப்பின் ஷிம்களை (இடைவெளி நிரப்பும் தகடுகளை) மறுபடி அமைப்பது.

நீராவி உற்பத்திக் கலத்துக்குப் போகும் ஃபீட்வாட்டர் நாசிலுக்கும் (கலத்தில் குழாய் சேரும் வாய்) இதே நோய் உண்டு. 1979 மே மாதம் டி. சி. குக் 2-ஆம் அலகில் நாசிலை ஒட்டி விரிசல்கள் கிடைத்தன. குறைந்த திறனில் குளிர்ந்த நீர் மெதுவாகப் போகும் நேரமே அங்கே சேதக் காலம்.

அறிகுறி 4: நீர் கலக்கும் டீயை (T வடிவ இணைப்பை) அடுத்து, உள்பரப்பில் வலை போன்ற நுண் விரிசல்கள்

இந்த அறிகுறியைத்தான் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரான்ஸின் சிவோ 1-ஆம் அலகு மின்வலையோடு இணைந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1998 மே 12 அன்று எஞ்சிய வெப்பம் அகற்றும் சுற்றின் எல்போ ஒன்றில் 180 மி.மீ. நீள விரிசல் திறந்து, மணிக்கு 30 கன மீட்டர் கசிந்தது. பொருள் 304எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தரமான பொருள். வெப்பமாற்றியைக் கடந்துவந்த குளிர்நீரும் அதைத் தவிர்த்துவந்த வெந்நீரும் டீயில் கலந்தன; கலவை சீராகாமல் சுவரை மாறி மாறிச் சுட்டது, குளிர்வித்தது. ஒரு உலை ஆயுள் முழுதும் நடக்க வேண்டிய சேதம் சில மாதங்களில் நடந்துமுடிந்தது.

இதைக் கண்டுபிடிக்கச் சிலர் வெளிச்சுவரில் தெர்மோகப்பிள் கட்டி, வரைபடம் தட்டையாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரமே இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வெப்பப் பரவல் எண் விநாடிக்குச் சுமார் 4 சதுர மி.மீ. விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் வெப்ப அலை சுவருக்குள் ஒவ்வொரு 1.1 மி.மீ. ஆழத்துக்கும் மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது. 10 மி.மீ. சுவரைக் கடந்து வெளியே வரும்போது பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். உள்ளே 50 டிகிரி ஆடினாலும் வெளியே உங்கள் கருவிக்கு அது தெரியாது. உள்பரப்பிலோ, முழுதும் தடுக்கப்பட்ட நிலையில், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 4.6 மெகாபாஸ்கல் தகைவு வருகிறது. 50 டிகிரிக்கு 230.

அதனால் இங்கே வெளியே அளப்பதைவிட, கலக்கும் இரண்டு நீரின் வெப்பநிலை வேறுபாட்டையும் அந்த நிலையில் ஓடிய மொத்த மணிநேரத்தையும் பதிவேட்டிலிருந்து எடுப்பது மேல். வேறுபாடு பெரிதாக இருந்த மணிநேரங்களைக் குறைப்பதே முதல் மருந்து. அப்புறம் வெல்டின் உள்பரப்பைச் சமமாகத் தேய்ப்பது, கலக்கும் இடத்துக்கு அருகில் வெல்டே வராதபடி துண்டை மாற்றுவது. வலை போன்ற விரிசல்கள் பெரும்பாலும் மேலோட்டமாகவே நின்றுவிடும். சுவர் நடுவே தகைவு வேகமாகக் குறைவதால் அப்படி. ஆனால் வெல்டின் எச்சத் தகைவோ குழாயின் வளைவுச் சுமையோ கூடச் சேர்ந்தால் அதில் ஒன்று மட்டும் முன்னேறிப் போகும். சிவோவில் போனதும் வெல்டை ஒட்டித்தான்.

அறிகுறி 5: அல்ட்ராசோனிக் சோதனையில் வெல்டுக்குப் பக்கத்தில் எதிரொலி

சோர்வா, வேறா? முடிவுசெய்ய அவசரப்பட வேண்டாம். 2021-இல் அதே சிவோ 1-இல் அவசரக் குளிர்விப்புக் குழாய் வெல்டுகளில் வெப்பச் சோர்வைத் தேடித்தான் சோதனை செய்தார்கள். கிடைத்த எதிரொலிகளை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் பார்த்தபோது தகைவு அரிப்பு (தகைவும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல்) என்று தெரிந்தது. 2023-இல் பிரான்ஸின் பான்லி 1-இல் 27 மி.மீ. சுவரில் 23 மி.மீ. ஆழமுள்ள தகைவு அரிப்பு விரிசல் கிடைத்தது. கட்டுமானத்தின்போது இரண்டு முறை பழுதுபார்க்கப்பட்ட வெல்ட் அது. அதே சமயம் பான்லி 2-இலும் (57 மி.மீ. நீளம், 12 மி.மீ. ஆழம்) கதனோம் 3-இலும் (165 மி.மீ. நீளம், 4 மி.மீ. ஆழம்) கிடைத்தவை நிஜமான வெப்பச் சோர்வு. ஒரே குடும்பக் குழாய்கள், ஒரே வருடம், இரண்டு வேறு நோய்கள்.

வெட்டிய துண்டை நுண்ணோக்கியில் பாருங்கள். படிகங்களை ஊடறுத்து நேராகப் போய், முகத்தில் இணைகோடுகள் தெரிந்தால் சோர்வு. படிக எல்லைகளைப் பிடித்துக்கொண்டு கிளை கிளையாகப் பிரிந்தால் தகைவு அரிப்பு. துண்டை வெட்டும்போதே முகம் சிதையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீயால் அறுத்துக் கொடுத்துவிட்டுக் காரணம் கேட்டால் ஆய்வகத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

விரிசலே இல்லாமல் சுவர் மெலிந்திருந்தால் விஷயம் முற்றிலும் வேறு. 1986-இல் அமெரிக்காவின் சர்ரி 2-இல் நான்கு பேரையும், 2004-இல் ஜப்பானின் மிஹாமா 3-இல் ஐந்து பேரையும் பலிவாங்கியவை ஓட்டத்தால் அரித்து மெலிந்த கார்பன் ஸ்டீல் குழாய்கள். அங்கே சோர்வுக் கணக்குப் போடுவது நேர விரயம்.

அறிகுறி 6: குழாயில் ஒன்றுமில்லை, கணக்கில் மட்டும் யூசேஜ் ஃபேக்டர் 1-ஐத் தாண்டுகிறது

உரிமத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கும்போது வரும் தலைவலி. பழைய வடிவமைப்பு வளைகோடு (எந்தத் தகைவை எத்தனை சுற்று தாங்கும் என்ற வரைபடம்) காற்றில் சோதித்த மாதிரிகளிலிருந்து, தகைவை 2-ஆல், சுற்றுகளை 20-ஆல் வகுத்துக் குறைத்து வரையப்பட்டது. அந்த 20-ஐப் பலர் பாதுகாப்பு விளிம்பு என்று நினைக்கிறார்கள். அது தரவின் சிதறலுக்கு 2, அளவு வித்தியாசத்துக்கு 2.5, பரப்பின் தன்மைக்கும் சூழலுக்கும் 4 என்று பிரித்துப் பெருக்கியது. உலையின் சூடான நீரில் ஆயுள் இன்னும் குறையும் என்று பிற்பாடு ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தார் தயாரித்து என்ஆர்சி வெளியிட்ட 6909 எண் அறிக்கை (2007, திருத்தம் 2018) அதற்கு ஒரு சூழல் காரணியைத் தந்தது. யூசேஜ் ஃபேக்டரை அதனால் பெருக்க வேண்டும்.

இந்தக் காரணி கண்மூடித்தனமான எண் இல்லை. திருத்தப்பட்ட சூத்திரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, அழுத்த நீர் உலையில், 290 டிகிரி செல்சியஸில், விகாரம் (உலோகம் நீளும் விகிதம்) விநாடிக்கு 0.001 சதவீதம் என்று மெதுவாக ஏறினால் காரணி ஏறத்தாழ 7.6. அதே சூட்டில் விநாடிக்கு 0.1 சதவீதம் என்றால் 2.8. காற்றில் 0.3 என்று இருந்த யூசேஜ் ஃபேக்டர் முதல் கணக்கில் 2.3 ஆகிறது, இரண்டாவதில் 0.83 ஆகி நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மோசமான மதிப்பைப் போட்டால் காரணி 14 வரை போகும். பெரும்பாலான "தோல்விகள்" இந்தச் சோம்பலால் வருபவை.

நான் போகும் வரிசை இது. முதலில், வடிவமைப்பில் எழுதிய எண்ணிக்கையை விட்டு உண்மையில் நடந்த தொடக்கங்களையும் டிரிப்புகளையும் எண்ணுவது. பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அடுத்து, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அதற்குரிய விகார வேகமும் வெப்பநிலையும் போடுவது. பிறகு வெல்டின் உண்மை வடிவம்: வளைவுச் சுமைக்கான உள்ளூர்க் குறியெண் (வெல்டின் வடிவம் அங்கே தகைவை எத்தனை மடங்காக்கும் என்பது) வெல்ட் செய்தபடியே விட்டால் 1.8, சமமாகத் தேய்த்திருந்தால் 1.1. பழைய கணக்கில் 1.8 போட்டிருந்து, குழாய் தேய்த்ததாக இருந்தால் அங்கேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உலோகம் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும் என்று வைத்துப் போடும் எளிய மீள்தன்மைக் கணக்கில், நெகிழ்வுக்காக (உலோகம் திரும்பாத அளவுக்கு உருமாறுவதற்காக) போடும் அபராதக் காரணி ஸ்டெயின்லெஸுக்கு 3.3 வரையும் கார்பன் ஸ்டீலுக்கு 5 வரையும் ஏறும். அது ஏறியிருந்தால் விரிவான நெகிழ்வுப் பகுப்பாய்வுக்குச் செலவழிப்பது நியாயம்.

ஆக்சிஜன் விஷயத்தில் கவனம். கார்பன் ஸ்டீலுக்கு நீரில் கரைந்த ஆக்சிஜன் கூடினால் சேதம் கூடும். ஸ்டெயின்லெஸுக்கு ஆக்சிஜன் குறைந்த நீர்தான் அதிகம் பாதிக்கும். ஒன்றின் அட்டவணையை இன்னொன்றுக்குப் போட்ட கணக்குகளும் உலவுகின்றன.

இவ்வளவுக்கும் பிறகும் 1-க்கு மேல் நின்றால், விரிசல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு அது அடுத்த சோதனைக்குள் எவ்வளவு வளரும் என்று ஏஎஸ்எம்இ பதினோராம் பிரிவுப்படி கணக்கிட்டு, சோதனை இடைவெளியை அமைக்கலாம். இப்படிக் கணக்கிட நம்பகமான வளர்ச்சித் தரவு வேண்டும். இந்தியக் கனநீர் உலைகளின் கார்பன் ஸ்டீல் குழாய்களுக்காக பாபா அணு ஆராய்ச்சி மையமும் சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் சேர்ந்து, முழு அளவுக் குழாய்களில் வெட்டுப் பள்ளம் இட்டு மாறி மாறி வளைத்துச் சோதித்தது இதற்காகத்தான்.

அறிகுறி 7: மாற்றிய வெல்ட் திரும்பவும் கசிகிறது

முதல் முறை காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு விரிசல்களின் இடத்தையும் ஒரே படத்தில் குறியுங்கள். குழாயின் கடிகார முள் நிலையும் ஒன்றாக இருந்தால் சுமை மாறவில்லை. மேற்பக்கமும் அடிப்பக்கமும் என்றால் அடுக்கு நீரையோ செங்குத்து வளைவையோ பாருங்கள். பக்கவாட்டு என்றால் அதிர்வின் திசையை மறுபடி அளந்து பாருங்கள். இரண்டாவது கசிவு முதலாவதைவிடச் சீக்கிரம் வந்திருந்தால் பழுதுபார்த்த வெல்டையும் சந்தேகியுங்கள்: தடித்த தையல், உட்பக்கத்தில் விட்ட படி, சாக்கெட்டின் அடியில் இடைவெளி விடாமல் முட்டவைத்த குழாய். அந்த இடைவெளி சுமார் 1.6 மி.மீ. இருக்க வேண்டும். ரேடியோகிராஃபி படத்தில் இது தெரியும், எடுத்துப் பாருங்கள்.